இரண்டடி வழி

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம். புதுக்கடையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. அவள் அப்பா சவூதியில் இருந்தார். நான் அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்தேன்.

எங்களுக்குப் பின்னால் ஒரு வீடு உண்டு. அவர்கள் ரோட்டுக்கு வர எங்கள் நிலத்தைத்தான் தாண்டவேண்டும். பத்திரத்தில் வழி கிடையாது. என் மாமனார் காலத்திலிருந்து விட்டிருந்தோம், ஜீப்பு போகிற அகலத்துக்கு. அந்த வீட்டுக்காரரை அண்ணன் என்றுதான் நான் கூப்பிடுவேன்.

வழிக்கு ஓரமாக அவருடைய மரச்சீனி விளை, மரவள்ளிக்கிழங்குத் தோட்டம், நடுநடுவே கமுகு. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் அதற்குள் கள்ளன் போலீஸ் விளையாடும். செடி முறியும். அவர் சத்தம் போடுவார், அதுகள் சிரிக்கும்.

ஒரு நாள் என் மகள் கள்ளன். முன்னால் ஓடியவள் கழுத்தில் ஏதோ இழுத்து மல்லாந்து விழுந்தாள். மற்ற பிள்ளைகள் வருவதற்குள் எழுந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. ரத்தம் இல்லை.

"அந்த மாமன் ரெண்டு கமுகுக்கு எடையில தங்கூஸ் கெட்டியிருந்தாரும்மா. நான் விழுந்ததும் ஓடி வந்து அவுத்துச் சுருட்டிட்டுப் போனாரு."

தங்கூஸ் மீன் பிடிக்கிற நைலான் நரம்பு. கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளை விரட்டக் கட்டியிருக்கிறார். நான் போய்க் கேட்கவில்லை. பக்கத்து வீடு, முகத்தில் விழிக்கவேண்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்றாள். எங்கள் பக்கம் தென்னையிலிருந்து விழுந்தாலும் முதலில் வர்ம ஆசானிடம்தான் போவோம். நானும் போனேன். என்ன நடந்தது என்று ஆசான் கேட்டார். களிக்கும்போது விழுந்தாள் என்றேன். கயிற்றைச் சொல்லவில்லை. சொன்னால் ஊரில் பரவும், அண்ணனுக்குக் கெட்ட பேர்.

ஆசான் எண்ணெய் விட்டு உழிந்தார். தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. சுளுக்கு விட்டது என்றார்.

அடுத்த நாள் காலை கஞ்சி குடிக்கும்போது கரண்டி கீழே விழுந்தது. எடுடி என்றேன். கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. கஞ்சி வடிந்தது.

திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தில் ரத்தக்குழாயின் உள்பக்கம் கிழிந்திருக்கிறது, அங்கே உறைந்த ரத்தம் மூளைக்குப் போய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். யாராவது கழுத்தை உழிந்தீர்களா என்று கேட்டார். உழிந்தோம் என்றேன். கழுத்தில் கயிறு இழுத்ததையும் அப்போதுதான் சொன்னேன். கயிறு இறுக்கிய கழுத்தைத் தொடவே கூடாது, உடனே இங்கே கொண்டுவந்திருக்கவேண்டும் என்றார்.

வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று.

போலீஸில் எழுதிக் கொடுத்தேன். வந்து கமுகைப் பார்த்தார்கள். "நான் எதுக்கு சாரே கெட்டப் போறேன்? எனக்கும் பொம்பளப் பிள்ள உண்டும்" என்றார் அவர். பிள்ளையைக் கேட்டார்கள். 'ம்மா' என்பதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. பார்த்தது அவள் ஒருத்திதான். வழக்கு அத்தோடு முடிந்தது.

நான் வழியில் கல் போட்டேன். ஆள் நடக்க இரண்டடி மட்டும் விட்டேன். ஆறு வருடம் அவர் அந்த இரண்டடியில் நடந்தார். அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் தலையில் போயின. ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று பார்ப்பேன். எனக்கு அது வேண்டியிருந்தது.

அவர் மகளுக்குத் தக்கலையில் மாப்பிள்ளை அமைந்தது. வார்டு மெம்பரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பிள்ளே, ஒரு நாளத்தேக்குக் கல்ல மாத்திப் போடு. பொண்ணு கார்ல போட்டும்" என்றார் மெம்பர்.

"அவரு ஒண்ணு பறையட்டும். நானே சொமந்து மாத்துதேன்."

"என்னத்தப் பறையணும்?" என்று கேட்டார் மெம்பர்.

"கெட்டினேன்னு."

பின்வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. "கழுத்தத் திருப்பினது ஆரு? ஆசான்ட கொண்டு போனது நானா?"

"நாந்தான் கொண்டு போனேன். கயிறுன்னு பறையாம மறச்சதும் நாந்தான். உமக்க பேரு கெட்டுப்போவும்னு மறச்சேன். எனக்கத நான் பறஞ்சாச்சு. உமக்கத நீரு பறையும்."

மெம்பர் அவர் முகத்தைப் பார்த்தார்.

"இவளுக்குக் கோட்டியாக்கும். வாரும், போவலாம்" என்றார் அவர்.

அந்தப் பெண் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. தெரியும். என் மகளும் யாருக்கும் செய்யவில்லை.

கல்யாணத்தன்று காலையிலேயே மழை. கார்கள் ரோட்டில் நின்றன. தக்கலைக்காரர்கள் பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகச் சேற்றில் வந்தார்கள். ஏன் கார் போகாது என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். டீக்கடையில் நின்றவர்கள் ஒவ்வொருவருக்கும் சொன்னார்கள். கல் போடும்போது இதை நான் யோசிக்கவில்லை. அவர் ஒரு தடவைகூட வாய் திறந்து சொல்லாததை அன்று ஊர் முழுக்கச் சொன்னது.

மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கையில் பிடித்தபடி, நானும் மகளும் நின்ற வாசலுக்கு முன்னால் நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் குடையோடு பின்வீட்டுக்காரர்.

"இந்தப் பிள்ளையா?" என்று கேட்டாள். பிறகு என் மகளிடம், "மக்கா, ஒனக்கு என்ன ஆச்சு?"

அதற்குள் மகளுக்குக் கொஞ்சம் பேச்சு திரும்பியிருந்தது. ஒரு சொல்லுக்கு நேரம் ஆகும். வழக்கமாக மீதியை நான் சொல்லி முடிப்பேன். அன்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"மாமன்... தங்கூஸ்... கெட்டினாரு. நான்... விழுந்தேன். அவரு... அவுத்தாரு."

மழைச் சத்தத்திலும் எல்லாருக்கும் கேட்டது. சம்பந்தக்காரி திரும்பிப் பார்த்தாள். அவர் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்தார்.

அவர்கள் நடந்து போகும்வரை நின்று பார்த்தேன். "ம்மா... பசிக்கு" என்றாள் மகள். உள்ளே போய்ச் சோறு போட்டேன்.