பிரிக்காத இரண்டாம் பாகம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை அறுத்துப் பிரேமுக்குள் உட்கார வைப்பதுதான் அவள் வேலை. ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவள். அவளை நிமிர்ந்து பார்க்கத்தான் ஆளில்லை. முன்பக்கம் பில் போடும் அக்கா மட்டும் மதியச் சாப்பாட்டுக்குத் துணை.

"மறுபடியும் போன்ல அந்த விளையாட்டைப் பத்திதான் படிக்கிறியா? வாங்கி வச்சு எவ்வளவு நாளாச்சு, ஆரம்பிச்சுத் தொலையேன்டி. பொண்ணு பார்க்க வந்த மாதிரி பார்த்துக்கிட்டே இருக்க!"

அவள் சிரித்து மழுப்பினாள். காரணத்தைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கோ அழுகைதான் வரும்.

கல்யாணமான புதிதில் அவள் கணவனுக்கு வேலையே வீடு. வீட்டில் வாய் திறந்து பேச இருந்தது அவன் தங்கை ஒருத்திதான். கல்லூரி மாணவி, சேட்டைக்காரி. எல்லாருக்கும் அவள் வாலு. அண்ணிக்கு அந்த வீடியோ கேமின் முதல் பாகத்தைக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். கடல் சூழ்ந்த ஒரு நாடு. தபால் சுமக்கும் ஒருத்தி துடுப்பு போட்டுத் தீவு தீவாகப் போக வேண்டும். எந்தப் பக்கமும் போகலாம், வழி சொல்ல ஆளில்லை. இருந்தது ஒரே கன்ட்ரோலர். கதாநாயகி செத்தால் கை மாற வேண்டும் என்பது இருவரும் போட்ட சட்டம்.

"அண்ணி, செத்துட்டீங்க. குடுங்க."

"இல்லடி, உடம்பு ஆடுது பாரு!"

"அலை ஆடுது அண்ணி. பொணத்தை வச்சுக்கிட்டு அழிச்சாட்டியம் பண்ணாதீங்க!"

திரையில் இங்கிலீஷில் வரும் எழுத்துக்கெல்லாம் வாலு தமிழில் குரல் கொடுப்பாள். படகுத்துறையில் ஒரு கிழட்டுப் படகோட்டி. எத்தனை முறை போனாலும், "வந்துட்டியாம்மா? உனக்காகத்தான் நிக்கிறேன்" என்பான், வாலுவின் கட்டைக் குரலில். அந்த வீட்டில் அவளை 'வந்துட்டியா' என்று கேட்ட ஒரே ஆண்பிள்ளை அவன்தான்.

முதல் பாகம் முடிந்த அன்று வாலு விரலை நீட்டி மிரட்டினாள். "ரெண்டாம் பாகம் வந்தா ஒண்ணாதான் ஆரம்பிக்கணும். தனியா ஆரம்பிச்சீங்க, ஜென்மத்துக்கும் பேசமாட்டேன்."

இரண்டாம் பாகம் வருவதற்குள் கல்யாண வாழ்க்கை முடிந்துபோனது. விவாகரத்து என்றால் கணவன் போவான் என்பது தெரிந்ததுதான். நாத்தனாரும் சேர்ந்து போய்விடுவாள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கிளம்பிய நாளில் வாலு அழுதுகொண்டே விளையாட்டுப் பெட்டியை, முதல் பாகத்தோடு சேர்த்து, அவள் துணிகளுக்கு நடுவே சொருகினாள். அதோடு சரி. வீட்டில் என்ன சொல்லித் தடுத்தார்களோ, ஒரு போன் இல்லை. அண்ணனுக்கு மறுகல்யாணம் ஆனதும் மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டாம் பாகத்தை வந்த அன்றே வாங்கிவிட்டாள். பிரிக்கவில்லை. பிரித்தால் அந்தப் பேச்சும் முறிந்துவிடுமே! அதனால் விளையாடியவர்கள் எழுதியதை எல்லாம் மதியம்தோறும் படித்தாள். அதே நாடு, அதே தீவுகள். ஆனால் இப்போது வானத்தில் தீவுகள், மண்ணுக்கடியில் குகைகள். துடுப்பு போட்டுக் கை நோக வேண்டாம். பலகையும் விசிறியும் பூட்டிப் பறந்தே போகலாம். முதல் பாகத்தைவிட எவ்வளவோ மேல் என்று எல்லாரும் கொண்டாடினார்கள். ஒரு குறைதான்: பழைய ஆட்கள் பலருக்குக் கதாநாயகியை நினைவில்லையாம். படகோட்டி அதே துறையில் நின்றுகொண்டு, 'யார் நீ?' என்கிறானாம். அந்த வரியில் அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டாள். முதல் பாகத்தில் வழி தெரியாது, ஆட்களுக்கு நம்மைத் தெரியும். இரண்டாம் பாகத்தில் வழியெல்லாம் தெரியும், ஆட்களுக்கு நம்மைத் தெரியாது. அவள் இப்போது வாழ்வதும் அந்த இரண்டாம் பாகத்தில்தானே!

ஒருநாள் முன்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணி, இந்தப் பிரேம் பாருங்க!"

கையில் இருந்த லென்ஸோடு அவள் திரும்பிவிட்டாள். தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெண்ணும் திரும்பினாள். வாலு கூப்பிட்டது அவளைத்தான். புது அண்ணி.

புது அண்ணி கண் பரிசோதனைக்கு உள்ளே போனதும், வாலு தடுப்பருகே வந்து நின்றாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் உதடு தடுமாறியது. கடைசியில் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ரெண்டாம் பாகம் வந்துடுச்சே..."

பாழாய்ப்போன ரோஷம் அப்போதுதானா தலைதூக்க வேண்டும்? "ஆமா, எனக்குப் பாதி முடிஞ்சாச்சு" என்றாள் அவள்.

வாலுவின் முகம் அணைந்தது. "ஓ... நான் இன்னும் ஆரம்பிக்கல. சேர்ந்துதானேன்னு... பரவாயில்ல."

அதற்குள் புது அண்ணி வந்துவிட்டாள். இருவரும் போய்விட்டார்கள். பொய் மட்டும் தடுப்பருகே நின்றது.

மறுநாள் புது அண்ணியின் கண்ணாடியைத் தன் கையாலேயே செய்தாள். தன் இடத்துக்கு வந்தவளுக்கு எழுத்து மங்கக் கூடாது என்று ஓரம் ஓரமாகத் தேய்த்தாள். செய்து முடித்ததும், பையில் கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் இரண்டாம் பாகத்தை வைத்தாள். மேலுறைப் பிளாஸ்டிக் கிழியாமல் பளபளத்தது. வாயால் சொன்ன பொய்யை வாயால் திருப்பி எடுக்க அவளுக்குத் தைரியமில்லை. பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, பயந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நேத்து வந்த சின்னப் பொண்ணு தனியா வந்து வாங்கிட்டுப் போச்சு. பையைத் திறந்துச்சு, அப்படியே நின்னுடுச்சு. மூக்கை உறிஞ்சிக்கிட்டே ஒண்ணு சொல்லிட்டுப் போச்சுடி, எனக்கு ஒண்ணும் புரியல."

"என்னன்னு?"

"'அண்ணிகிட்ட சொல்லுங்க, செத்தா அடுத்தது நான்தான்'னு. என்னடி பேச்சு இது, நல்ல நாளும் அதுவுமா?"

அவள் பின்னறைக்குப் போனாள். லென்ஸ் அறுக்கும் இயந்திரத்தைப் போட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள்.

சாயங்காலம் அறைக்கு வந்து முதல் பாகத்தைப் போட்டாள். துறையில் படகோட்டியின் எழுத்து ஓடியது, குரல் இல்லை. அவளே கட்டைக் குரலில், "வந்துட்டியாம்மா?" என்றாள். நன்றாக வரவில்லை. பிறகு தெரிந்தே படகைப் பாறையில் விட்டாள். கதாநாயகி மூழ்கினாள். சட்டப்படி கன்ட்ரோலரைக் கட்டிலின் காலிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.