ஓரம் நசுங்கிய அஞ்சு ரூபாய்

கல்யாணமான புதிதில் மண்ணூரில் வாடகைக்கு இருந்தோம். தப்பாக அச்சான காசுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள் என்று கம்பெனி பஸ்ஸில் ஒரே பேச்சு. அன்று எனக்கு வார லீவு. காலையில் என் கணவர் சட்டையைத் துவைக்க எடுத்தால், பையில் ஒரு அஞ்சு ரூபாய்க் காசு. ஓரம் எதிரெதிராக இரண்டு இடத்தில் சப்பையாக இருந்தது. லக் அடித்துவிட்டது என்று துள்ளினேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டினார், இரும்புத் தகட்டை அச்சில் அழுத்திப் பாகம் செய்கிற மெஷின். நானும் வேறொரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில்தான் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தேன். அச்சில் வந்த கோளாறா, அப்புறம் பட்ட அடியா என்று தகடுகளைப் பிரித்துப் போடுகிற வேலை. காசையும் அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அச்சில் கோணலாக விழுந்திருந்தால் எழுத்தும் படமும் சேர்ந்தே நகர்ந்திருக்கும். இதில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஓரத்து உலோகம் மட்டும் ஒதுங்கி, எழுத்தின்மேல் மடிந்து நின்றது. கீறல் பளபளவென்று புதுசு. யாரோ இடுக்கில் வைத்துத் தட்டியிருக்கிறார்கள்.

எந்த இடுக்கு என்று யோசித்ததும் பகீரென்றது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. ஒரு பட்டனின் இடுக்கில் காசைச் செருகினால் அது அழுந்தியே கிடக்கும், ஒரு கை மிச்சம். எங்கள் கம்பெனியில் ஒரு ஆபரேட்டருக்கு இரண்டு விரல் போன பிறகு, பட்டனிலிருந்து நெம்பி எடுத்த காசும் இப்படித்தான் இருந்தது.

ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன்.

“இன்னாங்க இது? கை போனா யாரு குடுப்பா?”

“ஏட்டி, லைன்ல எல்லாவனும் இப்படித்தான் ஓட்டுதான். இல்லன்னா டார்கெட் எங்க முடியுது? அந்தக் காசக் குடு.”

“தரமாட்டேன்.”

“வச்சுக்கோ. டீக்கடையில வேற காசா கிடைக்காது?” சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். சாயங்காலம் அவர் வந்ததும் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன. கட்டிக்கொண்டு அழுதேன்.

“எதுக்கு அழுவுத? இன்னைக்கு டார்கெட்டையே தாண்டிட்டேன்ட்டி,” என்றார் சந்தோஷமாக.

எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.