கைச்சுத்தி ஓயாத சாயங்காலம்

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் இரும்பின் நிறத்தைப் பார்த்து அதன் சூட்டைச் சொல்வதில் மீஞ்சூரிலிருந்து ஆரம்பாக்கம் வரை எனக்கு எதிரே நிற்க ஆளில்லை. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகளுக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்த காலம். ரோட்டோரத்தில் என் கொல்லுப்பட்டறை. முனை மழுங்கிய கடப்பாரைகள் தினமும் வந்து குவியும். நான் குறடால் இரும்பைப் பிடித்துக் கைச்சுத்தியால் இடம் காட்டுவேன். காட்டின இடத்தில் என் மைத்துனன் சம்மட்டியை இறக்குவான். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன். அவன் அக்காள், அதாவது என் மனைவி, துருத்தி ஊதுவாள்.

பட்டறையில் ஒரு முறை உண்டு. சம்மட்டிக்காரன் தானாக நிறுத்தக்கூடாது. குறடு பிடிப்பவன், இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லின் வெறும் ஓரத்தில் கைச்சுத்தியால் ஒரு தட்டு தட்டினால் அடி நிற்கும். இரண்டு தட்டு தட்டினால் அன்றைய வேலை முடிந்தது. சொல்லாமல் நிறுத்தியவனை அப்புறம் யாரும் ஆம்பளைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். என் இரண்டு தட்டைப் பொழுது இருக்கும்போது யாரும் காதால் கேட்டதில்லை.

அன்றைக்குப் பன்னிரண்டு கடப்பாரை. வேறு பட்டறையில் இரண்டு நாள் கேட்டார்களாம். விடிந்தால் தயாராக இருக்கும் என்று அஸ்திவார வேலை மேஸ்திரியிடம் மார்தட்டி வாங்கிப் போட்டேன். பத்தாவது முடியும்போதே வெயில் இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் ஒரு மோசம் இருக்கிறது. மங்கின வெளிச்சத்தில் சூடு பற்றாத இரும்புகூட நன்றாகப் பழுத்தது போலத் தெரியும். எனக்குத் தெரியாததா? தெரிந்தும் பதினொன்றாவதை எடுத்து வைத்தேன். இரும்பு அமுங்கிக் கொடுக்கவில்லை. நாலு அடியில் முடிய வேண்டியது பத்தைத் தாண்டிப் போனது.

அப்போதுதான் கவனித்தேன். சம்மட்டி நான் காட்டிய இடத்தைவிட்டு ஒரு விரல் தள்ளி விழுந்தது. அடுத்த அடி இரண்டு விரல். குறடு பிடித்த என் இடது கையை நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அது விழுந்தால் கை கூழ்; கை போனால் பட்டறை போச்சு. நிறுத்த ஒரு தட்டுப் போதும். மேஸ்திரியிடம் பேசின பேச்சு விடவில்லை. இன்னும் இரண்டே அடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி இடம் காட்டினேன்.

துருத்திச் சத்தம் நின்றது. ஊது என்றேன். அவள் ஊதவில்லை.

"நீ இரும்பயே பாத்துக்கினு இருய்யா. என் தம்பி கண்ண மூடிக்கினு அடிக்கிறான், தெர்தா?"

நிமிர்ந்தேன். அவன் கண் சொருகிப்போயிருந்தது. சம்மட்டி அவன் தலைக்கு மேலே. ஓரத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். அவனுக்குக் கேட்கவில்லை. என் கை இருந்த இடத்தில் சம்மட்டி விழுந்து, குறடு கோணிக்கொண்டு எகிறியது. பலமாக இரண்டு தட்டு தட்டினேன். நின்றான்.

கீழே வை என்றேன். வைக்க முடியவில்லை. பிடியைச் சுற்றி விரல்கள் இறுகிக் கிடந்தன. அவள் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன்.

"எட்டாவது கடப்பாரையிலேந்து மாமா. நீ தட்டுவ தட்டுவன்னு பாத்துக்கினே இருந்தேன்."

காலையில் மேஸ்திரி பத்தை எடுத்துக்கொண்டு, நேற்று பேசின வாய் எங்கே என்று கேட்டார். கோணிப்போன குறட்டை எடுத்து நிமிர்த்த உட்கார்ந்தேன்.

அவன் கை தேறி வர நாலு நாள் ஆயிற்று. வந்ததும் முறையை மாற்றினேன். அவன் சம்மட்டியை அடைகல்மேல் சாய்த்தால் அன்றைய வேலை முடிந்தது. மற்ற பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். முதல் நாள், பொழுது நன்றாக இருக்கும்போதே சாய்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். ஒரு கடப்பாரை பாக்கி. எனக்குக் கை துறுதுறுத்தது.

எழுந்து போய்க் கை கழுவினேன்.