தாவணிப் பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் நெடுநேரம் வீடியோ கேம் ஆடிவிட்டு எழுந்தான். சூடேறிய அடாப்டரிலிருந்து ஒரு கருகல் வாசனை. பக்கத்து வீட்டுப் பையன் வைத்திருக்கும் வேறு கம்பெனி செட்டைப் பற்றி, "பெரியம்மா, அது வச்சிருக்கவன்லாம் பாப்பா" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவன்மேல் இல்லை, இசக்கிமேல். இத்தனை வருடம் கழித்தும்.

எண்பதுகளின் கடைசி. தென்காசியில் எங்கள் தெருவில் டி.வி.யோடு இணைத்து ஆடும் பெட்டி இரண்டே வீட்டில் இருந்தது. எதிர்வீட்டு இசக்கிக்கு அவன் அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது கறுப்பு. குச்சியைப் பிடித்து ஆட்ட வேண்டும். எங்கள் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது வெள்ளை. பொத்தானை அமுக்க வேண்டும். ஊரில் இருந்த பிரிவினை போதாதென்று தெருப் பையன்கள் இதற்கும் இரண்டு கட்சியானார்கள். குச்சிக்காரன் மூளையில்லாத முரடன், பொத்தான்காரன் அம்மா முந்தானையை விடாதவன். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் மட்டும் ஒரே அருவியில் தலையைக் கொடுப்பார்கள். ஈரத்தலையோடு திரும்பிவந்து மறுபடி சண்டை. (பெண்களுக்கு அருவியிலும் தனிப்பக்கம்தான். அதைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னும் கோபம் வரும்.)

அப்படி ஒரு சாரல் நாளில் இசக்கி எங்கள் வீட்டுக்கே வந்து, என் அண்ணன் செந்திலை எங்கள் பெட்டியிலேயே தோற்கடித்தான். அண்ணன் முகம் செத்துப்போயிற்று.

"நான் ஒரு ஆட்டம் ஆடுதேன்" என்றேன்.

இசக்கி சிரித்துக்கொண்டே கொடுத்தான். பையன்கள் இல்லாத மதியங்களில் நான் ஆடிப் பழகியிருந்தது அவனுக்குத் தெரியாது. அவன் எடுத்த பாயிண்டைப் பாதி ஆட்டத்திலேயே தாண்டிவிட்டேன்.

அவன் எழுந்து வேட்டியை உதறினான். "பொம்பளப்பிள்ள ஜெயிக்கதெல்லாம் ஒரு ஆட்டமாலே? இது தாவணிப் பெட்டி."

பெயர் ஒட்டிக்கொண்டது. அண்ணன் எனக்காகப் பேசுவான் என்று நம்பினேன், மடச்சி. "ஒன்னாலதாம்ட்டி தெருவுல தலகாட்ட முடியல" என்றான்.

மறுநாள் நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். இசக்கியின் அம்மா "உள்ள வாட்டி" என்றார்கள். குச்சி எனக்குப் புதிது. விமானத்தைச் சுடும் ஆட்டம், கை கடுத்தது, முதலில் தோற்றேன். விடவில்லை. இருட்டுவதற்குள் அவனை அவன் பெட்டியிலும் ஜெயித்தேன். அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"கரண்டு லோ வோல்டேஜு" என்றான் இசக்கி.

நியாயப்படி கறுப்பும் தாவணிப் பெட்டி ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இரண்டு கட்சியும் முதன்முதலாகக் கூடிப் பேசி, எந்த வீட்டிலும் பொம்பளப்பிள்ளைகள் பெட்டியைத் தொடக்கூடாது என்று முடிவெடுத்தன. அண்ணன் எங்கள் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டினான். அம்மாவிடம் அழுதேன். "ஆம்பளப்பயலுவ சமாச்சாரத்துல ஒனக்கென்னட்டி சோலி?"

பல வருடம் கழித்து இலத்தூரில் ஒரு கல்யாணத்தில் அண்ணன் இந்தக் கறுப்பு வெள்ளைச் சண்டையை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தான். கதையில் நான் இல்லை. "ரெண்டு பெட்டியிலயும் நான்தானே ஜெயிச்சேன்" என்றேன்.

"நீ எங்கட்டி ஆடுன? சும்மா வேடிக்கைல்லா பாத்துக்கிட்டிருந்த."

பொய் சொல்லவில்லை. உண்மையாகவே மறந்திருந்தான். இசக்கி மஸ்கட்டில் இறந்துபோனான், அவன் அம்மாவும் இல்லை. அன்று நான் ஜெயித்ததைப் பார்த்தவர்களில் மிச்சமிருப்பவன் அண்ணன் ஒருவன்தான்.