ஓம் சொல்லக் கூடாத மைதானம்

எங்கள் ஊரில் பெரியவர்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பிள்ளைகளிடம் ஒரே பதில்தான் இருந்தது, ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ஓம். சாப்பிட்டியோ? ஓம். படிச்சியோ? ஓம். மழை வரும்போலை கிடக்கு, உடுப்பை எடுத்தியோ? ஓம். உடுப்பு கொடியில் நனைந்துகொண்டு கிடக்கும், அது வேறு கதை. ஓம் என்றால் பெரியவர்கள் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்கள். நல்ல வளர்ப்பு என்று சொல்லிக்கொண்டு தங்கள் பாட்டில் போய்விடுவார்கள்.

இந்த ஓமோடு மல்லுக்கு நின்ற ஒரே ஆள் என் சின்னம்மா. அம்மாவின் தங்கை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ரீச்சர். பெட்டைகளின், அதாவது பெண்பிள்ளைகளின், உதைபந்து அணியைப் பழக்கியதும் அவர்தான். வீட்டில் சின்னம்மா, பள்ளிக்கூடப் படலை தாண்டினால் ரீச்சர். ஒருநாள் வாய்தவறி மைதானத்தில் 'சின்னம்மா' என்று கூப்பிட்டுவிட்டேன். மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். மற்றப் பிள்ளைகளுக்கு அன்று சரியான சந்தோஷம்.

மைதானத்தில் ஓம் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நான் அணியில் சேருவதற்கு முந்தி, காய்ச்சலோடு வந்த பிள்ளை ஒருத்தி, 'ஏலுமோ?' என்று கேட்டதற்கு ஓம் சொல்லிவிட்டு, சித்திரை வெயிலில் நடுமைதானத்தில் விழுந்து கண் செருகிக் கிடந்தாளாம். அதற்குப் பிறகு சின்னம்மா ஓம் வரக்கூடிய கேள்வியே கேட்பதில்லை. 'தண்ணி குடிச்சியோ' என்று கேட்கமாட்டார், 'போத்திலைக் காட்டு' என்பார். 'நோகுதோ' என்று கேட்கமாட்டார், 'எவ்விடத்திலை நோகுது' என்பார். ஓரிடமும் இல்லை என்றால், எங்கே ஒற்றைக்காலில் நில் பார்ப்போம் என்பார். பொலிஸ்காரன் தோற்றான்.

எங்கள் மைதானத்துக் கோல் கம்பங்களுக்கும் வெங்காயச் சாக்கைச் சுற்றி, உள்ளே பழைய துணி அடைத்து, கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார். சுன்னாகம் சந்தைக்குப் போகிற சாக்கு. வெளியூர் அணிகள் வந்தால், உங்கடை கோலுக்குக் குளிருதோ என்று பகிடி பண்ணுவார்கள். கோல் காப்பாளர் நான்தான். பகிடி முழுவதும் என் முதுகுக்குப் பின்னால்தான் நடக்கும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

ஊருக்கும் அவரில் கொஞ்சம் புகைச்சல் இருந்தது. நான் சொல்லப்போகும் இறுதிப் போட்டிக்கு முந்தின வருஷம் அரையிறுதியில் எங்கள் அணியின் வேகமான பிள்ளைக்குக் கணுக்கால் வீங்கியிருப்பதைக் கண்டு சின்னம்மா அவளை விளையாட விடாமல் வெளியே இருத்திவிட்டார். தோற்றோம். பந்து பழக்கச் சொன்னால் கோழிக்குஞ்சு அல்லவா காக்கிறா என்று சனம் கதைத்தது. அடுத்த வருஷம் போட்டிகள் தொடங்கும்போதே அதிபர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இந்த முறையும் வெறுங்கையோடு வந்தால், பெட்டைகளுக்கு உதைபந்து போதும், நெட்போல் விளையாடட்டும் என்று. ஆகவே இறுதிப் போட்டிக்குப் போகும்போது நாங்கள் கோப்பைக்காக மட்டும் போகவில்லை. தோற்றால் அணியே இல்லை.

நெட்போல் என்றதும் தனுஜாவைச் சொல்ல வேண்டும். அவள் கையால் பிடித்து எறிகிற நெட்போலில் இருந்து எங்களிடம் வந்தவள். பின்வரிசையில் மலைபோல் நிற்பாள், ஆனால் பந்து இடுப்புக்கு மேலே வந்தால் கை தன் பாட்டில் எழும்பிவிடும். பிடித்தும்விடுவாள், வடிவாக. நடுவர் விசில் ஊதுவார். அந்த வருஷம் எங்களுக்கு விழுந்த கோல்களில் பாதி அவள் கையால் வந்தது. 'கையை மடக்கு, கையை மடக்கு' என்று சின்னம்மாவுக்குத் தொண்டை அடைத்துப்போனது. ஊரில் அவளுக்குக் 'கைகாரி' என்று பட்டம்.

இறுதிப் போட்டி யாழ்ப்பாணம் டவுனில். எதிரணி பருத்தித்துறைப் பக்கத்துப் பிள்ளைகள். கடற்கரை மணலில் ஓடிப் பழகினவர்கள், புல்லில் விட்டால் கேட்கவேண்டுமோ? போட்டி தொடங்க முந்தி சின்னம்மா ஏற்பாட்டாளர்களிடம் போய், கம்பங்களுக்குச் சாக்குக் கட்டலாமோ என்று கேட்டார். கையில் சாக்கும் கொண்டுவந்திருந்தார். படம் எடுக்க வருவினம், வடிவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் பாதி. இரண்டு பக்கமும் கோல் இல்லை. அவர்களுடைய கட்டைப் பெட்டை ஒருத்தி மூலைக்குப் பார்த்து அடித்தாள். நான் பாய்ந்தேன். பந்து கையில் ஒட்டியது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மிச்சம் எல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான். ஆளுக்கொரு மாதிரிச் சொன்னாலும், இரும்புக் கம்பத்தில் என் தலை மோதிய சத்தம் கோயில் மணிபோல் கேட்டது என்பதில் எல்லோருக்கும் ஒற்றுமை.

நான் உடனேயே எழும்பிவிட்டேனாம். பந்தையும் விடவில்லையாம். சனம் எழும்பி நின்று கைதட்டியதாம். நடுவர் வந்து ஓகேயோ என்றார். ஓம் என்றேன். எங்கள் கப்டன் கேட்டாள். ஓம். எல்லோரும் திருப்தியாகத் தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள். நடுவரிடம் கையைக் காட்டிவிட்டு உள்ளே வந்தது சின்னம்மா ஒருவர்தான்.

குந்தியிருந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாராம்.

"உன்னை இஞ்சை ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?"

"அப்பா. மோட்டச்சைக்கிளிலை வந்தனான்."

அப்பா அந்தக் கிழமை கொழும்பில் நின்றார். நான் வந்தது சின்னம்மாவின் ஸ்கூட்டியில், அவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் நான் பகிடி விடுகிறேன் என்று சிரித்தார்கள். சின்னம்மா சிரிக்கவில்லை. இவ்வளவு காலமும் கேட்காத ஒரு கேள்வியை, வேண்டுமென்றே ஓம் வரக்கூடிய மாதிரிக் கேட்டார்.

"நாங்கள் ரெண்டு கோல் அடிச்சிட்டம், என்ன?"

"ஓம்."

அவ்வளவுதான். எழும்பி, ஆளை மாற்றச் சொல்லிக் கையைச் சுழற்றினார்.

மாற்றுவதற்கு ஆள் எங்கே? மற்றக் காப்பாளர் பிள்ளை அம்மை போட்டு வீட்டில் வேப்பிலைக்குள் படுத்திருந்தாள். மைதானத்துக்கு வெளியே அமளி தொடங்கியது. பெரியமாமா, அதாவது சின்னம்மாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த அண்ணன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றுக்குள்ளால் பூந்து வந்துவிட்டார். கையில் தைலப் போத்தல். அவர் எங்கே போனாலும் அது கூடப் போகும். தடிமனுக்கும் அதுதான், தேள் கடிக்கும் அதுதான்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடை போச்சுது. ரெண்டு சொட்டு விட்டுத் தேய்ச்சால் சரி. பிள்ளை விளையாடட்டும்."

"இவளுக்குத் தலைப்பாகை இல்லை அண்ணை. தலை மட்டுந்தான் கிடக்கு."

பெரியமாமா விடுகிற ஆளோ? என் பக்கம் திரும்பி, உனக்கு ஏலுந்தானே பிள்ளை என்று கேட்டார். நான் ஓம் என்றேன். பார்த்தியே என்று அவர் ஊரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நீங்கள் மூக்குத்தி போட்டிருக்கிறியள் எண்டாலும் இவள் இப்ப ஓமெண்டுதான் சொல்லுவாள் என்றார் சின்னம்மா. குடைக்குக் கீழே கதிரை போட்டிருந்த அதிபர், இன்னொருக்கால் யோசிக்கச் சொல்லி ஒரு மாணவத் தலைவியிடம் சொல்லி அனுப்பினார். யோசிச்சிட்டன் என்று போய்ச் சொல்லு என்று சின்னம்மா அவளைத் திருப்பி அனுப்பினார்.

பிறகு என் கையுறைகளைக் கழற்றித் தனுஜாவின் கையில் மாட்டிவிட்டார். கைகாரிக்கு முகம் வெளிறிப்போனது.

"மடக்கு மடக்கு எண்டு இவ்வளவு நாளும் பேசினனான். இனி நீட்டு."

அணியை ஆரிடம் ஒப்படைப்பது? கூட வந்திருந்தது விஞ்ஞான ரீச்சர் மட்டும். அவருக்கு உதைபந்தில் தெரிந்தது பந்து உருண்டை என்பதுதான். தண்ணீர் போத்தல்களைப் பார்த்துக்கொள்ள வந்தவரின் கழுத்தில் சின்னம்மா விசிலை மாட்டி, ஆரும் விழுந்தால் உடனே வெளியிலை எடுங்கோ, வேறொண்டும் செய்யத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, என்னோடு அம்புலன்ஸில் ஏறினார்.

இவ்விடத்தில் இருந்து எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் ஞாபகம் வருகிறது. சைரன் சத்தம். சின்னம்மாவின் மடியில் நான் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தது. பிறகு விளங்கியது, என்னைப் போட்டியில் இருந்து பாதியில் எடுத்துவிட்டார்கள் என்று. வந்த ஆத்திரத்தில், ரீச்சர் என்ற மரியாதையும் இல்லாமல் சின்னம்மா என்ற அன்பும் இல்லாமல் சொன்னேன்:

"நீங்கள்தான் எங்களைத் தோக்கடிச்சது."

"ஓம்," என்றார் சின்னம்மா.

என் கையை விடவேயில்லை. கண்ணை மூடாமல் கிட, உன்ரை வகுப்புப் பிள்ளையளின்ரை பேரை வரிசையாச் சொல்லு என்றார். நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. அவருக்கு அது வேண்டுமென்றா, ஏலாமலா என்று தெரிந்திருக்க வழியில்லை.

பெரியாஸ்பத்திரியில் என்னை ஒரு மெசினுக்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். அம்மா அழுதுகொண்டு வந்து சேர்ந்தார். வார்ட்டில் கட்டிலில் கிடந்தபோது சின்னம்மாவின் ஃபோன் அடித்தது. விஞ்ஞான ரீச்சர். அந்த மனுசி கத்தின கத்தலுக்கு ஃபோனே தேவையில்லை, டவுனில் இருந்து நேரே கேட்டிருக்கும்.

வென்றிருந்தோம்! தனுஜா எழும்பின பந்து, தாழ்ந்த பந்து, மூலைப் பந்து ஒன்றையும் விடவில்லையாம். ஆறு வருஷம் நெட்போலில் பழகின கை, ஒரு பருவம் முழுக்கப் பேச்சு வாங்கின கை, அன்றைக்குத்தான் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி விளையாடியதாம். கடைசி நேரத்தில் பிடித்த ஒரு பந்தை, உதைக்காமல், நெட்போலில் எறிகிற மாதிரித் தோளுக்கு மேலால் எறிந்திருக்கிறாள். அது நடுக்கோட்டைத் தாண்டிப் போய் எங்கள் முன்வரிசைப் பெட்டையின் காலடியில் விழ, பருத்தித்துறைக்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள் கோல். விஞ்ஞான ரீச்சர் விசிலை ஊதி ஊதி, நடுவரிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டாராம். அதிபர் கதிரைக்கு மேலே ஏறி நின்றாராம். பெரியமாமா தைலப் போத்தலை உயர எறிந்து உடைத்துவிட்டதில் வெற்றி விழா முழுவதும் தைலம் மணத்ததாம். கோப்பையை உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் வைத்துக்கொண்டு வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவால் ஊர்வலம் வந்தார்கள். வேலை செய்துகொண்டு நின்ற சனம் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தது.

அடுத்த வருஷம் அந்த டவுன் மைதானத்துக் கம்பங்களுக்கும் மெத்தைபோல் ஒன்று கட்டினார்கள். அதிபர், பெட்டைகளின் உதைபந்தைத் தானே முதன்முதல் ஊக்குவித்ததாக மேடைகளில் பேசினார். பெரியமாமா இன்றைக்கும், அண்டைக்கு நாங்கள் எடுத்த முடிவு சரியான முடிவு என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். வைத்தியர் சொன்னபடி சின்னம்மா என்னை நெடுநாள் பந்தில் காலே வைக்க விடவில்லை.

ஆனால் அன்று வார்ட்டில் நடந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஃபோனில் வெற்றிச் செய்தி கேட்டு நான் கட்டிலில் துள்ளி எழும்ப, தாதி வந்து அமத்திப் படுக்க வைத்தார். அம்மாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சின்னம்மா மட்டும், சரி, பிள்ளையளுக்குத் தண்ணி குடுங்கோ என்று சொல்லிவிட்டு ஃபோனைக் கட்டிலில் வைத்துவிட்டார். ஒரு சிரிப்பு இல்லை. அணி தப்பிவிட்டது, கோப்பை வந்துவிட்டது, ஊரே ஆடிக்கொண்டிருக்கிறது. இவர் வாசலைப் பார்த்துக்கொண்டு விறைத்துப்போய் நின்றார். தான் இல்லாமல் வென்றுவிட்டார்களே என்ற எரிச்சலாக்கும் என்று நினைத்தேன்.

வெகுநேரம் கழித்து வைத்தியர் படத்தோடு வந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அம்மாவையும் சின்னம்மாவையும் பார்த்துச் சாவகாசமாகச் சொன்னார்:

"பயப்பிடாதையுங்கோ. பிள்ளையின்ரை தலைக்குள்ளை ஒண்டுமில்லை."

கணிதத்தில் வகுப்பில் முதலாம் பிள்ளை நான். என்னை வைத்துக்கொண்டு, என் முகத்துக்கு முன்னால் இப்படிச் சொல்கிறாரே இந்த மனுசன் என்று எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. சின்னம்மா விடமாட்டார், நல்ல கேள்வி கேட்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். பிறகு எழும்பி, வார்ட்டே திரும்பிப் பார்க்க 'ஊ' என்று ஒரு கூக்குரல் வைத்தார். தாதி ஓடிவந்து வெளியே கலைக்கும்வரை நிறுத்தவில்லை. கோப்பைக்குப் பல்லைக்கூடக் காட்டாத மனுசி, என் தலைக்குள் ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறாரே என்ற கோபத்தில், அன்று முழுவதும் நான் சின்னம்மாவோடு கதைக்கவேயில்லை.