அது என் முறை

ஒரு வியாழக்கிழமை காலையில் கண்டக்டர் போனில் கூப்பிட்டார். மகள் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என்றார். அதில் செஸ் பார்க்க ஒன்றை ஏற்றித் தந்திருக்கிறாளாம். பலகையில் ஏழு காய்க்கு மேல் இல்லாவிட்டால் அந்த ஆட்டம் ஜெயிப்பா டிராவா என்று அது சொல்லிவிடுமாம். ஊகம் கிடையாது, எல்லா வழியையும் முன்பே எண்ணி வைத்திருக்கிறார்கள் என்றார். பிறகு சொன்னார்:

"நம்ம அந்த ஆட்டத்தைப் போட்டுப் பாப்பம் சார். மத்தியான பஸ்ஸுல வாரேன்."

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன்.

எனக்கு வயது எழுபத்தாறு. திருச்சுழியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது அருப்புக்கோட்டையில் தனியாக இருக்கிறேன். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. என் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் இந்தக் கண்டக்டர்தான். அரசு பஸ்ஸில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா எங்கள் கரிசல் காட்டில் கூலிக்கு உழைத்தவர். எதிரே என் அப்பா வந்தால் வரப்பை விட்டு இறங்கி நிற்பார். அவருடைய மகன்தான் வாராவாரம் வியாழக்கிழமை நரிக்குடிப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து என்னோடு செஸ் ஆடிவிட்டுப் போகிறார்.

'அந்த ஆட்டம்' நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அப்போது திருச்சுழியில் ஓர் உரக்கடை வராண்டாவில் ஆடுவோம். பலகை ஒன்றுதான். காத்திருப்பவர்கள் ஐந்தாறு பேர். அதனால் ஒருவரிடம் ராஜா மட்டும் மிஞ்சிவிட்டால் மேற்கொண்டு ஆட விடமாட்டார்கள். "வாத்தியார்ட்ட கேளு" என்பார்கள். நான் எட்டிப் பார்த்து ஜெயிப்பு என்றோ டிரா என்றோ சொல்வேன். உடனே காய்களைக் கலைத்துவிட்டு அடுத்தவர்கள் உட்காருவார்கள். என் வார்த்தையை யாரும் மறுத்ததில்லை. நானே ஆடும்போதும் தீர்ப்பு என்னுடையதுதான் என்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. எனக்கும் படவில்லை.

விருதுநகரில் மூத்தோருக்கு ஒரு போட்டி வைத்தார்கள். எங்கள் வராண்டாவிலிருந்து ஒருவர் போகலாம் என்று முடிவாயிற்று. எல்லோரும் எல்லோரோடும் ஆடினோம். கடைசி ஆட்டம் எனக்கும் கண்டக்டருக்கும். அவர் என்னைவிட அரைப் புள்ளி முன்னால் இருந்தார். அவருக்கு டிராவே போதும். நான் ஜெயித்தாக வேண்டும். அவருடைய மகளை விருதுநகரில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. ஆடுவதைப் பார்க்க வரும்படி சம்பந்தியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார், புதுச் சட்டையும் தைத்துவிட்டார். இது எனக்குத் தெரியும்.

கடைசியில் பலகையில் மூன்றே காய்கள் மிஞ்சின. நடுப்பலகையில் என் வெள்ளை ராஜா, அதன் முதுகுக்குப் பின்னால் என் சிப்பாய், எதிரே ஒரு கட்டம் விட்டு அவருடைய கறுப்பு ராஜா. இந்த நிலையில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருப்பது பெரிதல்ல. யார் நகர்த்த வேண்டுமோ அவர் விலகியாக வேண்டும், அதுதான் பெரிது. அவர் விலகினால் என் ராஜா பக்கவாட்டில் புகுந்து சிப்பாயைக் கடைசிக் கட்டம் வரை கொண்டுபோய் ராணியாக்கிவிடும். நான் விலகினால் அவருடைய ராஜாவும் அதே பக்கம் நகர்ந்து மறுபடி எதிரே நிற்கும். கடைசி வரை அப்படியே மறித்து நின்று டிரா வாங்கிவிடும்.

அந்தக் கட்டத்துக்கு ராஜாவைக் கொண்டுவந்து வைத்தவர் அவர். இனி நகர்த்த வேண்டியவன் நான். டிரா என்பது பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வழக்கப்படி எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சா சார்?"

"முடிஞ்சது கண்டக்டர். எனக்கு ஜெயிப்பு" என்றேன்.

அவர் தன் ராஜாவைப் படுக்க வைத்தார். யாரோ காய்களைக் கலைத்தார்கள். விருதுநகருக்கு நான் போனேன். முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினேன்.

இதைத்தான் அந்தப் போன் அவரிடம் சொல்லப்போகிறது. அன்று காலை காய்ச்சல் என்று சொல்லி வர வேண்டாம் என்றுவிடலாமா என யோசித்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு காரியாபட்டியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடலாமா என்றும் தோன்றியது. பிறகு பலகையை எடுத்து அந்த நிலையை அடுக்கினேன். மூன்று காய்களையும் ஒரு வரிசை மேலே தள்ளிப் பார்த்தேன். என் ராஜா ஆறாவது வரிசைக்கு வந்துவிட்டால், யார் நகர்த்தினாலும் எனக்கு ஜெயிப்புதான். 'உங்களுக்குச் சரியாக ஞாபகமில்லை, இன்னும் ஒரு வரிசை மேலே இருந்தது' என்று சொல்லிவிடலாம். வாத்தியார் சொன்னால் நம்புவார். இதை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். அப்படிப் பழகுகிற என் குரலைக் கேட்டு எனக்கே பயம் வந்தது.

ஒரு மணிக்கு வந்தார். நான் பழகியதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். ஆட்டம் நடந்த அன்றே கட்டம் போட்டு வரைந்து வைத்திருக்கிறார். மூன்று காய்களும் சரியான இடத்தில் இருந்தன. அதைப் பார்த்துப் பார்த்து, தடித்த விரலால் ஒவ்வொன்றாகப் போனில் வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"யாரு மூவுன்னு கேக்குது சார்" என்றார். நான் வாய் திறக்கும் முன் அவரே பதில் சொல்லிக்கொண்டார். "ராஜாவைப் படுக்கப் போட்டது நானு. அப்ப ஏம் மூவுதான்."

கறுப்பைத் தொட்டார். வெள்ளைக்கு ஜெயிப்பு என்று போன் காட்டியது.

அவர் போனைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒன்பது வருடமாக மனதில் ஒரு சந்தேகம் இருந்தது என்றார். கேட்கவும் கூச்சம், விடவும் முடியவில்லை என்றார். "உங்களைப் போயி சந்தேகப்பட்டேனே சார். மனசுல வச்சுக்கிராதீக."

நான் தப்பித்துவிட்டேன். இனி யாரும் கேட்கப் போவதில்லை. என் வாழ்நாளில் அந்த நிமிடத்தைப் போல நான் எதற்கும் பயந்ததில்லை. அவர் மன்னிப்புக் கேட்கிறார், நான் தலையாட்டினால் போதும். தலை ஆடவும் தொடங்கிவிட்டது.

"அது உங்க மூவ் இல்ல கண்டக்டர். என் மூவ்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. ராஜாவை எதிரே கொண்டுவந்து வைத்தவர் அவர்தான், அதற்குப் பிறகு நான் காயைத் தொடவே இல்லை என்று எடுத்துச் சொன்னேன். அவர் போனை எடுத்து வெள்ளையைத் தொட்டார். டிரா என்று காட்டியது.

சம்பந்தியிடம் அன்று காய்ச்சல் என்று பொய் சொன்னதாக அவர் மெதுவாகச் சொன்னார். தோற்றேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம். புதுச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாராம். பிறகு கேட்டார்:

"அன்னைக்கே தெரியுமா சார்? இல்ல, பொறவு புஸ்தகத்துல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டீகளா?"

தப்பிக்க இன்னொரு வழியையும் அவரே திறந்து வைத்தார். தெரியாமல் சொன்னேன் என்றால் அது வெறும் பிழை. வாத்தியாருக்கும் பிழை வரும்.

"அன்னைக்கே தெரியும்" என்றேன்.

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். எப்போதும் ஐந்து மணி வரை இருப்பவர் எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இத்தனை வருசத்துல ஒருநா கூட நான் வெள்ளைக் காய் எடுத்ததில்ல. நீங்க எடுப்பீக, மிச்சத்தை நான் எடுத்துக்கிருவேன். இனிமே வந்தா, வெள்ளை ஒண்ணு கறுப்பு ஒண்ணுன்னு காயைக் கையில மூடி வச்சுத்தான் எடுக்கணும் சார்."

சரி என்றேன். அவர் பஸ்ஸுக்கு நடந்தார்.

மூன்று வியாழக்கிழமைகள் போய்விட்டன. அவர் வரவில்லை. போன் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.