விலை எழுதாத கொட்டேஷன்

எண்பதுகளின் நடுவில் பம்பாய் செம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நிர்வாக அதிகாரியாக இருந்தேன். விதிப்புத்தகத்தை நான் படித்த அளவுக்கு அதை எழுதியவர்களே படித்திருக்க மாட்டார்கள். அந்தப் பெருமை ஒரு நல்ல மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்ல வேண்டும்.

மாட்டுங்காவில் ஒரு கல்லூரிப் பேராசிரியை மென்பொருள் ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கினார். தோல் வீணாகாமல் பைக்கான துண்டுகளை எப்படி வெட்டுவது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் எங்களுடையது, மாணவர்கள் அவருடையவர்கள். தோல் தெரிந்த ஒருவர் வேண்டுமென்றார். தாராவியில் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலிக்கார பாயிடம் அழைத்துப் போனேன்.

பேராசிரியையின் வரைபடத்தைப் பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோலு பூரா ஒண்ணு போல போட்டிருக்கீயளே டீச்சர்! முதுகு வேற, வயிறு வேற. வயித்துல கைப்பிடி வெட்டுனீயன்னா பத்தே நாள்ல தொங்கிப்போவும்."

"சார், இவர் இல்லேன்னா நான் வெறும் கட்டம்தான் போட்டுண்டிருப்பேன்," என்றார் பேராசிரியை என்னிடம்.

இரண்டு மாதம் ஞாயிறுதோறும் பாய் சொன்னார், பேராசிரியை எழுதிக்கொண்டார். பாய் கேட்டது ஒன்றுதான். "அச்சடிக்கும்போது கடை பேரைப் போட்டுருங்க ஸார். இதுவரைக்கும் முனிசிபாலிட்டி நோட்டீஸ்ல மட்டுந்தான் வந்திருக்கு."

வாக்குக் கொடுத்தேன்.

அறிக்கையில் பெயர் வர வேண்டுமானால் ஆராய்ச்சியில் கூட்டாளியாக இருக்க வேண்டும்; கூட்டாளி என்றால் பதிவு பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். பட்டறை அப்படியல்ல. ஆகவே 'தொழில்நுட்பச் சேவை' என்ற தலைப்பில் அவரை நுழைத்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். சேவை என்றால் மூன்று கொட்டேஷன் வேண்டுமென்றார் துணை இயக்குநர். அதிலொன்றும் சிரமமில்லை. வேலை யாருக்கு என்று முடிவான பிறகு, அவரே தெரிந்தவர்களிடம் கூடுதல் விலையில் இரண்டு கொட்டேஷன் வாங்கி வந்து தருவது எல்லா அலுவலகத்திலும் வழக்கம். பாயிடமும் அதையே சொன்னேன்.

குழுவின் முன் உறைகளைப் பிரித்தார்கள். பாயின் பக்கத்துக் கடையில் செயற்கைத் தோல் தைக்கும் ரெக்ஸின்காரர் ஒரு தொகை எழுதியிருந்தார். மற்றொருவர் அதற்கும் மேலே. பாயின் தாளில் விலைக் கட்டம் காலி. அடியில், சொல்லிக் கொடுக்கக் காசு வாங்கும் பழக்கமில்லை என்று ஒரு வரி.

விலை இல்லாத கொட்டேஷன் செல்லாது என்றார் துணை இயக்குநர்.

"இலவசத்தைவிடக் குறைந்த விலை உண்டா சார்?" என்றேன்.

"பூஜ்யம் என்று எழுதியிருக்கிறாரா? இல்லையே."

சிரித்துவிட்டுச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. தோலில் ஒருநாளும் கத்தி வைக்காத ரெக்ஸின்காரர், பாயின் மேலுள்ள பிரியத்தில் தாள் கொடுத்த பாவத்துக்கு, எங்கள் தொழில்நுட்ப ஆலோசகரானார். போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிற மாதிரி வந்து உட்காருவார். பேராசிரியை எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "பாய்ட்ட கேட்டுட்டு வந்து சொல்லுதேன் அக்கா." அடுத்த வாரம் விடையோடு வருவார். ஆராய்ச்சி அப்படித்தான் முடிந்தது.

அறிக்கையில் ரெக்ஸின் கடையின் பெயர் பெரிதாக வந்தது. பாய்க்கு ஒரே ஒரு நன்றி வரி சேர்த்தேன். கொட்டேஷன் தள்ளுபடியானவருக்கு நன்றி சொன்னால் தணிக்கையில் கேள்வி வரும் என்று அதையும் அடித்தார்கள். தடை செய்யும் விதி எதுவுமில்லை என்று இரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன். அனுமதிக்கும் விதியும் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. பக்கத்தை மறுபடி டைப் அடித்தார்கள்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். ரெக்ஸின்காரரும் அங்கிருந்தார்.

"எந்தப் பக்கம் ஸார்?" பாய் புரட்டினார்.

"உங்க பேர் இல்ல பாய். போட விடல."

அறிக்கையை மூடி அட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு ரெக்ஸின்காரர் பக்கம் திரும்பினார். "என்ன மாப்ள, ஒம் பேரு வந்துட்டாம்லா! சாயாவுக்குச் சொல்லு."

ரெக்ஸின்காரர் என்னைப் பார்க்காமல் எழுந்து போனார். பாய் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், எல்லாம் விதிப்படி நடந்தது என்பதற்குக் கீழே, கையெழுத்துப் போட்டிருந்தவன் நான்.